திருகு மேலே, திருகு கீழே

ஞாயிறு, இரவு.

ஆராதனை முடிந்ததும் ரீனா தன் கிளாரினெட்டில் மாட்டியிருந்த புது வளையத்தைக் காட்டினாள். ஊதும்போது அதிர்கிற மெல்லிய தகட்டை, அதாவது ரீடை, வாய் வைக்கிற மவுத்பீஸோடு இறுக்கிப் பிடிக்கிற வளையம்தான். என்னுடையதில் திருகுகள் ரீடு இருக்கிற கீழ்ப்பக்கம், வழக்கம்போல. அவளுடையதில் தலைகீழாக, மேல்பக்கம். மாமல்லபுரத்து ரிசார்ட்டில் வாசிக்கிறவள். அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் கொடுத்தாராம்.

"இதுல சத்தம் நைசா வருதுக்கா" என்றாள்.

எங்கள் சர்ச் பேண்டை நடத்துகிறவர் என் வீட்டுக்காரர். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "ரெண்டு பேரும் ஊதுங்க. எது நல்லா கீதுன்னு நான் சொல்றேன்."

முதலில் ரீனா தன் புது வளையத்தில் ஊதினாள். பிறகு அதே பாட்டை நான் என் பழையதில் ஊதினேன்.

"ரெண்டாவதுதான்" என்றார். "இன்னாமா இழைக்கிற ரீனா. நீ ஊதுனா தனியா தெரியுது."

"அது அக்கா ஊதுனதுண்ணா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீயா?" கொஞ்சம் யோசித்தார். "அப்போ வளையத்த மாத்திகினீங்க. அதான். நம்மளும் அதுல ஒண்ணு வாங்கிடலாம்."

கல்யாணமானதிலிருந்து அவர் பக்கத்தில் நின்றுதான் ஊதுகிறேன். ரீனா வந்தது போன கிறிஸ்துமஸுக்கு. மாற்றவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரீனாவும் சொல்லவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

செங்கல்பட்டில் வீடு வந்து சேரும்வரை அவர் வண்டி ஓட்டிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தார், நான் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்தி. யார் ஊதியதாக நினைத்துக்கொண்டு என்று நான் கேட்கவில்லை.