குதிரைக் கொட்டகைப் பரிசுத்தவான்

முதல் மாதம் 6, ஓய்வுநாள்

வால்வெள்ளி தெரிந்ததும், அதைக் கண்டு போதகர் ஸ்டிராட்டன் ஊரையே உபவாசத்தில் போட்டதும், அன்றைக்கே அவர் வீட்டுப் புகைபோக்கி வழியே பன்றி மணத்ததும் இந்தக் குளிர்காலத்தில்தான். 1681 என்கிறாள் என் மனைவி கெத்தூராள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். முதல் மாதம் என்று போட்டிருப்பது மார்ச்தான்; அது அஞ்ஞானத் தெய்வத்தின் பெயராம். எழுத மாட்டாளாம்.

இன்று திருவிருந்து. தனக்குக் கிருபை வந்த கதையைச் சபை முன் சொல்லாதவனுக்கு அதில் இடமில்லை. கெத்தூராள் எப்போதோ சொல்லிவிட்டவள், உள்ளே இருந்தாள். பிரசங்கம் முடிந்ததும் வழக்கம்போல நானும் ஒபதியாவும் குதிரைக் கொட்டகைக்கு வந்துவிட்டோம். கடல் தாண்டி இந்தப் புது தேசத்துக்கு ஒரே கப்பலில் வந்த பயல்கள், ஒரே கொட்டகையில் கிழடானோம்.

இறைச்சி அடையைப் பிட்டுக்கொண்டே ஒபதியா கேட்டான்: "உள்ளே அவங்களுக்குத் துணுக்கு அப்பம். நமக்கு முழு அடை. யாருக்குடா கிருபை?"

மூன்றாம் மாதம் 2

கெத்தூராளின் இருமலில் ரத்தம்.

"ஒரே ஒரு தடவை நீங்க விருந்துல உக்கார்றதைப் பொம்பளைங்க பக்கத்திலேருந்து நான் பாக்கணும்" என்றாள். இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

மூன்றாம் மாதம் 9

போதகரிடம் போனேன். "ஐயா, எனக்குக் கிருபையும் வரல, ஒண்ணும் வரல. பொய் சொல்லவும் வராது."

கண்ணை மூடிக்கொண்டார். ஞானம் வரும்போது மூடுவார். "நான் நிச்சயம் இரட்சிக்கப்பட்டவன்னு நினைக்கிறவன்தான் கெட்டவன், ஏனோக்கு. சந்தேகப்படுறவனுக்குள்ளதான் கிருபை வேலை செய்யுது."

"சந்தேகமே இல்லைய்யா. எனக்கு நரகந்தான்."

"ஆகா, என்ன தாழ்மை!"

எந்தப் பக்கம் ஓடினாலும் வேலி. மாட்டை நான் பட்டியில் அடைப்பதும் இப்படித்தான்.

நான்காம் மாதம் 12

சபை முன் நின்றேன். நான் மோசமானவன், பிரசங்கத்தில் தூங்குகிறவன், வேறு சொல்ல ஒன்றுமில்லை என்றேன். பெண்கள் அழுதார்கள். ஆண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். சேர்த்துக்கொண்டார்கள்!

வாசலில் ஒபதியா தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். "பரிசுத்தவானே, இனிமே அடையை நான் தனியா தின்னணுமா?"

ஐந்தாம் மாதம் 3

விருந்தில் உட்கார்ந்தேன். அப்பம் வெறும் அப்பமாகத்தான் இருந்தது. தலை தூக்கினேன். எதிர்ப் பக்கம் கெத்தூராள், காய்ச்சல் கண்ணோடு. சபையில் சிரிக்கக் கூடாது. சிரித்தாள்.

எழுதடி, எழுது. சிரிச்சியா இல்லையா?

பத்தாம் மாதம் 25, ஓய்வுநாள்

எழுதுவது ஒபதியா. அவன் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. திட்டினால் எழுத மாட்டேன் என்கிறான்.

இலையுதிர் காலத்தில் கெத்தூராளை மண்ணில் வைத்தபோது தரை இன்னும் பனியில் இறுகவில்லை. எங்கள் வழக்கப்படி குழியருகே ஜெபமில்லை. போதகர் வாய் மூடி நின்ற ஒரே நாள்.

இன்று திருவிருந்து. அப்பம் என் வரிசைக்கு வருமுன் எழுந்தேன்.

"எங்கே, சகோதரனே?" என்றார் போதகர்.

"நான் இரட்சிக்கப்பட்டவன்னு நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு ஐயா. அதான், கெட்டுப்போயிட்டேன்."

கண்ணை மூடினார். திறக்குமுன் வெளியே வந்துவிட்டேன். கொட்டகையில் ஒபதியா அடையை இரண்டாகப் பிட்டே வைத்திருந்தான்.

கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கெத்தூராளும் அதே கப்பலில் வந்தவள்தான். என்னை விட்டால் மிச்சம் ஒரே ஒருவன்.

"இங்கேயும் என் பேரை நானே எழுதணுமாடா?" என்கிறான்.

எழுதுடா. ஒபதியா.