டீபாட் உடைந்த ரிப்போர்ட்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்
எஸ்டேட் ஆபிஸ் டீபாட் போச்சு. என் கைதான். பெரிய கிராணி, அதான் தலைமை குமாஸ்தா, வேலைக்கு மனு போட்ட வாரமா பார்த்தா உடையணும்? மூக்கு தனி, கைப்பிடி தனி, உடம்பு தனி. மூணே துண்டு.

மேனேஜர் துரைக்கு இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணும். பக்கத்து மேசை புனிதனும் அதே வேலைக்கு மனு போட்டிருக்கான். ‘புரோக்கன்’னு எழுதினா எவன் மதிப்பான்? எப்பவோ படிச்ச வார்த்தை ஞாபகம் வந்துச்சு. ‘ஸ்மேஷ்ட் டு ஸ்மிதரீன்ஸ்’னு போட்டுட்டேன். சபாஷ் டெபோரா!

5 ஆகஸ்ட், செவ்வாய்
சாப்பாட்டு நேரத்துல அர்த்தம் தேடினேன். முன்னாடியே தேடியிருக்கணும்.

அநேகமா ஐரிஷ்காரங்க வார்த்தையாம். துண்டுக்கு அவங்க சொல்ற வார்த்தைக்கு வாலா ‘ஈன்’ சேர்த்தா குட்டித் துண்டு. எப்பவும் பன்மைதான், ஒத்தை ஸ்மிதரீனை யாரும் எழுதுறதில்ல. நம்ம சுக்குநூறு. குண்டு வெடிச்சா எழுதலாம், லோரி மோதி கண்ணாடி சிதறினா எழுதலாம்.

மூணு துண்டுக்கு? ஐயோ லா.

6 ஆகஸ்ட், புதன்
மார்கஸ் துரை ரிப்போர்ட்டைப் படிச்சிட்டார். “ஸ்மிதரீன்ஸா? அடடா. துண்டெல்லாம் ஒண்ணு விடாம வெள்ளிக்கிழமை ஸ்டோருக்குக் கொண்டாங்க.”

எங்க எஸ்டேட்ல அதான் வழக்கம். கத்தியோ வாளியோ, உடைஞ்சதைக் காட்டினாத்தான் ஸ்டோர்ல புதுசு கிடைக்கும். மூணு துண்டைக் காட்டினா என்னைப் பொய்க்காரின்னுதானே நினைப்பார்? வேலை புனிதனுக்குத்தான்.

7 ஆகஸ்ட், வியாழன்
சாயங்காலம் டீபாட் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், கோணியில சுத்தி, பின்வாசல்ல வச்சு, சுத்தியலால நொறுக்கினேன். வீட்டுக்காரர் எட்ரியன் ஓடி வந்தார். “என்னா பண்றே?”

“ரிப்போர்ட்டைத் திருத்துறேன்.”

8 ஆகஸ்ட், வெள்ளி
எழுதவே கை வரல.

துரை ஸ்டோருக்கு பசை ட்யூபோட வந்தார்! பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் போய் வாங்கினாராம். “அது எங்கம்மா குடுத்தது, டெபோரா. சும்மா வீட்ல கிடக்குதேன்னு ஆபிஸ்ல வச்சேன். அம்பது துண்டா இருந்தாலும் உக்காந்து ஒட்டிருவேன்.”

புதுசு குடுக்கத்தான் கேக்கிறார்னு நினைச்சேனே, படுபாவி நான்!

கோணியை அவிழ்த்தேன். பாதி தூள். துரை ஒரு சில்லை எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வச்சார். எனக்கு அழுகை வந்துருச்சு. “மூணு துண்டுதான் துரை. நான்தான் இடிச்சேன்.”

“ஏன்?”

“ரிப்போர்ட்ல அப்படி எழுதிட்டேன்...”

ஸ்டோர்ல நின்ன புனிதன் இருமுற மாதிரி திரும்பிக்கிட்டான். துரை சிரிக்கல. பசையைச் சட்டைப் பையில போட்டுட்டுப் போயிட்டார். இவ்வளவு வெக்கம் என் ஜென்மத்துல பட்டதில்ல.

10 ஆகஸ்ட், ஞாயிறு
ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனேன். துரை முன் பெஞ்சுல. நான் தூணுக்குப் பின்னால.

18 ஆகஸ்ட், திங்கள்
புனிதன் பெரிய கிராணி ஆயிட்டான். காலையில பெரட்டுல, பேர் கூப்பிட எல்லா ஆளும் நிக்கிறப்ப, துரை சொன்னார். நானும் கை தட்டினேன், வயித்தெரிச்சலோடதான்.

மத்தியானம் அவன் என் மேசைக்கு வந்து நெளிஞ்சான். “அக்கா, பேக்டரி வாளி ஓட்டையாயிருச்சு. என் முதல் ரிப்போர்ட். துரை அசந்துபோற மாதிரி இங்கிலீஷ்ல எழுதித் தாங்கக்கா.”

எழுதிக் குடுத்தேன். வாளியில் ஓட்டை. ஒன்று. சிறியது.