பிளாப்பிக்கு வைத்த பொட்டு

2-10, வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. லீவு நாள், எல்லோரும் வீட்டில்.

கவி கம்ப்யூட்டரை அவள் அப்பன் ஆட்டோவில் ஏற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோனாள். வைரஸாம். உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியுமாம். போவதற்கு முன் ஒரு கறுப்பு பிளாப்பியைக் கொண்டுவந்து என் அலமாரியில் வைத்தாள்.

"ஆயா, மூணு வருசப் பொக்கிஷமும் இதுக்குள்ளதான் கீது. வேற எங்கியும் கெடையாது. உன்கிட்ட இருந்தா எனக்குப் பயமில்ல."

மருமகள் வசந்தா காதில் விழும்படிதான் சொன்னாள். என் பேத்தி, ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், என்னை நம்பிக் கொடுக்கிறாள்.

நிஜப் பொக்கிஷம் இல்லை. ஞாயிறு தோறும் கவி, மஞ்சுநாத், சையத் மூவரும் சாப்பாட்டு மேஜையில் ஆடும் ஆட்டத்தில் கிடைத்தது. காலேஜில் பிடித்த பழக்கம். கவி கதை சொல்வாள். மஞ்சு வாள்வீரன், சையத் மந்திரவாதி. குகைக்குள் போவார்கள், பூதத்தை அடிப்பார்கள், இருபது பக்கம் உள்ள தாயக்கட்டையை உருட்டுவார்கள். கிடைத்த சாமானைச் சீட்டில் எழுதித் தொலைத்தபடி இருந்தார்கள். அப்புறம்தான் கவி எக்செலில் கட்டம் போட்டாள். யாரிடம் என்ன, எத்தனை, எந்த மூட்டையில்.

எடைக் கட்டம் நான் சொல்லிப் போட்டது. "இரும்புச் சட்டை, கேடயம், கயிறு, அத்தனை காசு, இதை எல்லாம் ஒருத்தன் தூக்கிக்கினு எப்டிடா ஆத்த நீந்துவான்?" என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐந்தாவது படித்தவள் கேட்ட கேள்வி. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்டின் டவுனில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விட்டவள் நான். ஒரு கரண்டி தொலைந்ததில்லை.

4-10, சனி. ஆயுத பூஜை
நல்ல வெயில். பொரி, கடலை, பூசணிக்காய் 1, எலுமிச்சை 6.
அரிவாள்மனை, கத்தரி, வசந்தாவின் தையல் மிஷின், மகன் சேகரின் ஆட்டோ, மிக்ஸி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

கம்ப்யூட்டர் இருந்த இடம் வெறுமை. போன வருஷம் அதற்கும் பொட்டு வைத்தோம். பிள்ளை சோறு தின்கிற கருவி, இந்த வருஷம் விடலாமா? பிளாப்பியை எடுத்தேன். மேலே தகரத்தில் சந்தனம் ஒட்டவில்லை, வழுக்கியது. தகரத்தை ஒதுக்கினால் உள்ளே கறுப்பாய், வழவழவென்று ஒரு தட்டு. பொக்கிஷம் அங்கேதானே இருக்கிறது. அதன் மேலேயே சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம். லட்சணமாக இருந்தது.

5-10, ஞாயிறு
ஆட்டம் இல்லை. மஞ்சு ஊருக்குப் போயிருக்கிறான்.
எல்லாப் பொட்டையும் துடைத்தேன். பிளாப்பியை ஈரத் துணியால். போக மறுத்தது, நகத்தால் சுரண்டினேன்.

6-10, திங்கள்
பால்காரன் லேட். கேஸ் புக் பண்ண வேண்டும்.
காலையில் வசந்தா என் அலமாரியில் தூசி தட்டினாள். கவி ஓடிவந்து கத்தினாள். "ம்மா, அத்த தொடாத! உள்ள ஒரு வெரல் பட்டாவே அவ்ளோதான், மொத்தமும் போயிடும்!"

ஒரு விரல் பட்டாலே.
அப்புறம் என்ன சமைத்தேன் என்று ஞாபகம் இல்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

8-10, புதன்
மூட்டம். முதுகு வலி.
பிளாப்பியைக் கர்சீப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் மிஷினில் போட்டாள். கர், கர், கர். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னா ஆயா இது, மஞ்சளா ஒட்டிக்கினு கீது? யார் செஞ்ச வேல?"
"பக்கத்து வூட்டுப் பொண்ணும்மா. வெவரம் பத்தல."
"செத்துப் போச்சுன்னு சொல்லிடுங்க அவங்ககிட்ட."

என் வாயால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விவரம் பத்தாது என்றேன். திரும்பி வரும்போது அவளே எதிரில் வந்து, "பை குடு ஆயா, நான் தூக்கியாரேன்" என்கிறாள்.

9-10, வியாழன்
கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சனிக்கிழமை லீவில் கவி பிளாப்பியைப் போட்டுக்கொள்கிறாளாம்.
சாயங்காலம் சையத் வந்தான். என்னைத் தாதி என்பான், அவன் பாஷையில் பாட்டி. நீலசந்திராவில் வீடு. துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கள் காலை விமானம். ஞாயிறுதான் கடைசி ஆட்டம்.

"தாதி, என் சாமான் லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க கவிகிட்ட. அங்க ரூம்ல ஒட்டி வெச்சுக்கிறேன்."
"ஒட்டுடா" என்றேன்.

10-10, வெள்ளி
வசந்தா கோயிலுக்கு. வீட்டில் நான் மட்டும்.
ஒன்று தோன்றியது. என் பழைய நோட்டுகள். கடைப் பழக்கம், ஒரு சாமான் கை மாறுகிறது என்று காதில் விழுந்தால் கை தானாக எழுதிவிடும். மேஜை ஓரத்தில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டே கேட்டதை, பால், கேஸ், இருமல் மருந்துக்கு நடுவில் குறித்திருக்கிறேன். மூன்று நோட்டு. "ம - வெள்ளிக் கேடயம் 1. சை - நீலக்கல் மோதிரம் 1, பாம்பு எண்ணெய் 2 புட்டி." இருக்கிறது! முக்கால்வாசி இருக்கிறது.

அப்புறம் முதல் நோட்டில், முதல் ஞாயிறு. என் கையெழுத்துதான்:
"சை - கயிறு 50 அடி, தாயத்து 1. சாயபு வீட்டுப் பையன். தனி டம்ளர் எடுத்து வைத்தேன். அடியில் புள்ளி வெட்டியிருக்கிறது, கலந்துவிடக் கூடாது."

எழுதியதே மறந்துவிட்டது. டம்ளர் மறக்கவில்லை. இன்றைக்கும் அவனுக்கு அதில்தான் டீ. மூன்றாம் மாதத்திலிருந்து எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கழுவுகிறோம். டம்ளரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பானோ என்று பயம்.

கிழிக்கலாம் என்றால் பக்கத்தின் பின்னால் மஞ்சுவின் சாமான். பார்த்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு பக்கத்தில் விரல் மரத்துப்போனது. நானே படித்துக் காட்டலாம். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு.

முதலில் கவியிடம் சொல்ல வேண்டுமே.

11-10, சனி
கவி பிளாப்பியைப் போட்டாள். கர், கர். எடுத்தாள், ஊதினாள், போட்டாள். முகம் சிவந்தது. ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டு, "இன்னா சார் டிரைவ் மாட்டினீங்க? என் மூணு வருசத்த அழிச்சிட்டீங்களே!" என்று கத்தினாள். அந்த ஆள் அந்தப் பக்கம் என்னவோ கெஞ்சுவது எனக்கே கேட்டது.

"போன வை. நான்தான்" என்றேன்.
"என்ன நீதான்?"
சொன்னேன். சந்தனம், குங்குமம், ஈரத்துணி, நகம்.

கவி அழவில்லை. கத்தவும் இல்லை. "உன்கிட்டதானே ஆயா குடுத்தேன்" என்றாள். எழுந்து போய்விட்டாள். இதற்கு அறைந்திருக்கலாம்.
சேகர் இரண்டு இட்லிதான் தின்றான்.

12-10, ஞாயிறு
வெயில், பிறகு மழை. பிரியாணி சையத் வீட்டிலிருந்து.
கவி இருவரிடமும் சொன்னாள். மஞ்சு நாற்காலியில் அப்படியே சரிந்தான். கன்னடம் கலந்த அவன் தமிழில் கத்தினான். "மூணு வருஷா! என் கேடயா!"

நோட்டுகளை மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது நோட்டிலிருந்து படித்தேன். கவி தட்டச்சு செய்தாள். மஞ்சு "ஹௌது, ஆமா, அது நான் டிராகன்கிட்ட புடிச்சது!" என்று குதித்தான். ஒரு மணி நேரம் போனது. இருபது பக்கம்கூட ஆகவில்லை.

"அஜ்ஜி, நீங்க படிக்கிற ஸ்பீடுக்கு சையத் துபாய் போய் ரிடையரே ஆயிடுவான். சும்னே அந்த புக்க கவிக்குக் குடுங்க."

நான் கை வைப்பதற்குள் கவி முதல் நோட்டை எடுத்துவிட்டாள். சத்தமாகப் படித்தாள். "சை, கயிறு அம்பது அடி, தாயத்து ஒண்ணு. சாயபு..." நிறுத்தினாள். அவள் கண் மட்டும் கீழே ஓடியது.

"இன்னா ஆச்சு? படி" என்றான் சையத்.
கவி நோட்டை மூடப் பார்த்தாள். நேற்று என்னோடு பேசாதவள், இன்று என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஒனக்குத் தனி டம்ளர் வெச்சேன்னு எழுதியிருக்கேன்டா. கலந்துடக் கூடாதுன்னு."

மழைச் சத்தம். சையத் பிரியாணித் தட்டையே பார்த்தான். அப்புறம்,
"தெரியும் தாதி. அடியில புள்ளி இருக்கும். மஞ்சு டம்ளர்ல இருக்காது. ரெண்டாவது வாரமே பாத்துட்டேன்."
"தெரிஞ்சும் ஏன்டா வந்தே?"
"மொதல்ல வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். வூட்ல எங்க அம்மிகிட்டகூட சொன்னேன்." சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். "அப்புறம் பாத்தா அது பெரிய டம்ளர். மஞ்சுக்கு முக்கா டம்ளர் டீ, எனக்கு வழிய வழிய."
"ஏய்! அதான் எனக்கு எப்பவும் கம்மியா?" என்றான் மஞ்சு.

மூவரும் சிரித்தார்கள். சையத்தின் சிரிப்பு கடைசியில் வந்தது, சீக்கிரம் நின்றது. எனக்கு வரவே இல்லை.

"கவி, என் லிஸ்ட்ல அதையும் போடு" என்றான். "நக்கோ, வேணாம்னு சொல்லாதீங்க தாதி. எனக்கு வேணும்."
கவி என்னைப் பார்த்தாள். தட்டினாள். எவர்சில்வர் டம்ளர், 1. எடைக் கட்டத்தில் கை நின்றது.
"இருநூறு கிராம் போடு" என்றேன்.

13-10, திங்கள்
மழை விட்டது. சையத்தின் விமானம் கிளம்பியிருக்கும்.
கவி ஆபீஸ் போகும் முன் புது பிளாப்பி இரண்டில் லிஸ்ட்டை ஏற்றினாள். ஒன்றைத் தன் பையில் போட்டாள். ஒன்றை என் அலமாரியில் வைத்தாள்.
பாத்திரம் எண்ணினேன். டம்ளர் ஒன்று குறைவு. தேடவில்லை.