எச்சரிக்கை என்றால் கிளம்பிவிடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்றபடி எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

சித்தப்பா போன விவரத்தைப் போனில் கேட்டாய், அழுகையில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன். முதலில் புயல் கண்காணிப்பு என்றுதான் அறிவித்தார்கள், வந்தாலும் வரலாம், தயாராக இரு என்று அதற்கு அர்த்தம். மறுநாள் காலை அதையே எச்சரிக்கை என்று மாற்றினார்கள். அப்படியென்றால் வருகிறது, இடத்தைக் காலி செய் என்று. உன் சித்தப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். போன வருஷமும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க, கடைசியில காயப்போட்ட துணிகூட நனையல என்று சிரித்தானாம். சித்தியையும் பிள்ளைகளையும் மேட்டில் இருக்கும் நம் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜ்களை மேஜைமேல் தூக்கி வைக்கத் தன் கடைக்குப் போய்விட்டான். போன் போட்டுக் கெஞ்சினேன். ஊரான் பொருள் அண்ணா, தண்ணி பட்டா நான் என்ன பதில் சொல்றது, இதோ வந்துடறேன் என்றான். அம்மா போனைப் பிடுங்கி, சோறு ஆறுது, கிளம்பி வாப்பா என்றாள். அதற்கும் சிரிப்புதான்.

நாங்கள் எல்லாரும் காற்றுக்குத்தான் பயந்தோம். அவனைக் கொண்டுபோனது தண்ணீர். மத்தியானம் கடல் பொங்கிக் கடைத்தெருவுக்குள் ஏறியிருக்கிறது, ஷட்டர் மாட்டிக்கொண்டு திறக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எதிர்க்கடைத் தையல்காரரும் நானும் கடப்பாரையால் நெம்பித்தான் உள்ளே போனோம். மேஜையும் ஃபிரிட்ஜும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன, அவன் தூக்கி வைத்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அவனை எப்படிப் பார்த்தேன் என்று மட்டும் கேட்காதே அம்மா.

சித்தி அதுவரை அழவே இல்லை. போன வாரம், ரிப்பேருக்கு ஃபிரிட்ஜ் கொடுத்திருந்த ஒருவர் துக்கம் கேட்க வந்தார். உங்க பொருள் வீணாப் போச்சு, மன்னிச்சுக்குங்க என்று இவள் சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டு, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடச் சொல்லி அவர்கிட்ட அப்பவே சொல்லியிருந்தேனேம்மா என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து கத்தினாள் பாரு, தெருவே கூடிவிட்டது.

உங்கள் ஊரும் கடலோரம்தான். இங்கயும் அடிக்கடி இப்படிச் சொல்வாங்கப்பா, ஒண்ணும் ஆகாது என்று நீ போனில் சொன்னதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கண்காணிப்பு என்றால் பையைக் கட்டு, எச்சரிக்கை என்றால் வீட்டைப் பூட்டு. ஒவ்வொரு தடவையும் சும்மா போய்ச் சும்மா திரும்பி வந்தாலும் பரவாயில்லை. யாராவது சிரித்தால், எங்க அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி, அவர் தொல்லை தாங்கல என்று சொல்லிவிடு.

நீங்கள் இருவரும் தலை நரைத்துப் பல் விழுந்து வாழ வேண்டும், இப்போது அதைத் தவிர வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. சித்திக்குப் போன் செய், கடைப் பேச்சை எடுக்காதே, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள்.

என்றும் உன் நினைவுடன்,
உன் அப்பா