ஹெலிகாப்டரும் இருபது ஸ்க்ரூவும்

செப்டம்பர் 8, 2025
திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மூன்று மாதமாகியும் வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை. பாசிமணி கோக்கச் சொன்னேனே, கோத்தாயா என்று பிசியோதெரபி மேடம் கேட்டார். மணி கோத்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. கம்பெனி லைனில் என் பக்கத்து சீட்டு கல்பனா ஒரு பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் கிட் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எழுபத்திரண்டு துண்டு. வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும்.

அக்டோபர் 13 அன்று நான் வேலை பார்த்த ஸ்ரீ சிட்டி கம்பெனியில் டெஸ்ட். ட்வீசரால் எடுத்து ஐந்து நிமிடத்தில் இருபது ஸ்க்ரூ போட்டால் போன் அசெம்பிளி லைனுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் வேலை இல்லை. அதற்குள் ஹெலிகாப்டரை முடித்துவிட்டால் கை வந்துவிட்டது என்று அர்த்தம். நானாக வைத்துக்கொண்ட கெடு.

செப்டம்பர் 11
வெட்டும்போது பிடி நழுவி வால் உடைந்தது.

செப்டம்பர் 16
ஜன்னல் கண்ணாடியில் பசை பட்டு என் கைரேகை அப்படியே பதிந்துவிட்டது. ஆதாருக்குக்கூட இவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

செப்டம்பர் 24
வாலுக்குள் ஊசி செருகி ஒட்டினேன். நிற்கிறது. ஆனால் சின்னத் துண்டு எது வந்தாலும் ஆள்காட்டி விரல் விட்டுவிடுகிறது. தொடுகிறேனா இல்லையா என்றே அதற்குத் தெரியவில்லை.

அக்டோபர் 1
காலையில் ஹெலிகாப்டருக்கு வெள்ளை பெயின்ட் அடித்துக் காய வைத்தேன். ஆயுத பூஜை. மண்வெட்டி, சைக்கிள், தண்ணி மோட்டார் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த நைனா, இதற்கும் வைத்துவிட்டார். ஈரப் பெயின்ட்டில் மஞ்சளும் குங்குமமும் ஊறி— மூக்கெல்லாம் சிவப்பு.

பெற்ற அப்பா என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். கண் தெரியவில்லையா, என் வேலையே போகப்போகிறது என்றெல்லாம். நைனா மெதுவாகத்தான் சொன்னார்: "போன வருசம் உன் வண்டிக்கி வெக்காம உட்டுட்டேன்மா. அதான் இத உடல."

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. நானும்.

அக்டோபர் 2
கறைக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டேன். கறை போகவில்லை, பிளாஸ்டிக் இளகிவிட்டது. இப்போது யாரைத் திட்டுவது? தேய்த்துத் தேய்த்து விரல் வேறு வீங்கிக் கிடக்கிறது.

அக்டோபர் 4
பத்து நாள் வலது கைக்கு வேலையே கொடுக்காதே என்று மேடம் போனில் சொன்னார். டெஸ்டுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது.

அக்டோபர் 6
சும்மா உட்கார முடியவில்லை. இடது கையில் ட்வீசரைப் பிடித்தேன். சக்கரம் மூன்று தரம் கீழே விழுந்தது. இடது கையால் தம்ளர் நீட்டினால்கூட வாங்காத மனிதர் நைனா. இன்று மூன்று தரமும் தரையில் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 10
மேலே சுற்றும் இறக்கை நான்கும் இடது கையாலேயே ஒட்டியாயிற்று. ஒன்று கோணல்.

அக்டோபர் 13
லைன் லீடர் ஹரிபாபு ஸ்டாப்வாட்ச்சோடு எதிரில் உட்கார்ந்தார். நான் இடது கையில் ட்வீசரை எடுத்ததும் நிறுத்தச் சொன்னார். எந்தக் கை என்று டெஸ்ட் ரூல் பேப்பரில் போட்டிருக்கிறதா சார் என்றேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"லேதும்மா, போடல. ஸ்டார்ட் பண்ணு."

நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு செகண்ட். இருபதும் உள்ளே.

அக்டோபர் 17
லைனில் நாலாவது நாள். ஹெலிகாப்டரும் முடிந்து டிவி மேல் நிற்கிறது.

இன்று பிசியோதெரபிக்குப் போக வேண்டிய நாள். லீவு போடவில்லையா என்று கம்பெனி பஸ்ஸில் கல்பனா கேட்டாள். "இன்னாத்துக்கு? இந்தக் கை இனிமே வராது" என்று வலது கையைக் காட்டினேன். வாய்விட்டு இதைச் சொன்னது இன்றுதான். கேட் வரும் வரை அழுதுகொண்டே போனேன். பிறகு ஷிப்ட் தொடங்கிவிட்டது.