கீறல் இல்லாத கிட்டார்

உங்களுக்கு,

புதுக் குடித்தனத்துக்குப் போனபோது எங்களோடு சேர்த்து நீங்கள் விட்டுப்போன எலக்ட்ரிக் கிட்டாரை இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றுவிட்டேன். 'பழையது, ஆனால் ஒரு கீறல் இல்லை' என்று எழுதினேன். பொய்யில்லை. எங்களைவிட அதைத்தானே பொத்திப் பொத்தி வைத்திருந்தீர்கள்.

வாங்க வந்த ஒரு டீச்சர் கம்பிகளை மீட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லா இருக்கே, ஏம்மா விக்கிறீங்க?" என்றார்.

"வாசிச்சவர் இப்ப இல்லைங்க." வீட்டில் இல்லை என்றுதான் சொல்ல வந்தேன்.

அவர் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எப்படிம்மா தவறினாரு?" என்றார்.

நான் திருத்திச் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற நம் மகள் சொன்னாள்.

"திடீர்னுதான் ஆன்ட்டி. நாங்க அழுது முடிச்சிட்டோம்."

அவளைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவளுடைய பதிலைத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா