தண்ணீர் இல்லாத மாம்பழம்

மாங்கூழ் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வாடை டயாலிசிஸ் வார்டின் ஜன்னல் வழியே மெல்ல வருகிறது. இயந்திரம் என் இரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பித் தரும் அரைத் தூக்கத்தில், பக்கத்துக் கட்டிலில் நீ புரண்டு படுப்பதுபோலவே இருக்கிறது. கண்ணைத் திறந்தால் வேறு யாரோ.

அன்றைக்கும் இப்படித்தான் மிதந்துகொண்டு கிடந்தோம். நர்சிங் மாணவி ஒருத்தி வந்து நமக்குப் பாடம் சொன்னாள். "தண்ணி அளவா குடிங்க தாத்தா. பொட்டாசியம் இருக்கற பழம் வேணாம். புரிஞ்சுதா?" நீ தலையாட்டினாய். அவள் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அடுத்த முறை நீ உன் ஊர் வேப்பனப்பள்ளியிலிருந்து வந்தபோது உன் பையில் தாண்ட்ரா. மாம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றி, வெயிலில் காயவைத்துச் சுருட்டிய தகடு.

"யோவ், பழம் வேணாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே?"

"தண்ணிதானே ஆவாது? இதுல சொட்டுத் தண்ணி கெடையாது, சூரியனே குடிச்சிட்டான். நீ பேட்டரி கம்பெனிக்காரன், மாமரத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். சில நாளில் உன் கட்டில் காலியானது. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டதாம். "சொல்லித்தானே அனுப்பினோம்" என்றார்கள் வார்டில். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய பேட்டரிகளைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன் நான். விடுவேனா? வந்த நர்ஸையெல்லாம் நிறுத்திக் கேட்டேன். உயிரணு ஒவ்வொன்றும் ஒரு குட்டி பேட்டரியாம். உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம். அந்த வித்தியாசத்தில்தான் இதயம் துடிக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் துடிப்பு தடுமாறும். வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும். பொட்டாசியம் தகட்டிலேயே தங்கிவிடும். இதை உனக்குச் சொல்ல ஒரு டீ குடிக்கும் நேரம் போதாதா?

இன்று புதிய மாணவி வந்தாள். எல்லாம் சொல்லி முடித்து, "புரிஞ்சுதா தாத்தா?" என்றாள்.

"அப்படிக் கேக்காத. வீட்டுக்குப் போயி இன்னா சாப்புடுவேன்னு கேளு."

"பெரியவரே, நேரமாகுது" என்றார் அவளுடைய டீச்சர்.

"ஆகட்டும்."

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு என்னைக் கேட்டாள். பிறகு உன் கட்டிலில் இருப்பவரையும் கேட்டாள். அவர் யோசித்து, "களிதான். தாகம் எடுத்தா தண்ணி குடிக்க மாட்டேன்மா, எளநிதான்" என்றார்.

"ஐயோ, எளநியா! அதுல பொட்டாசியம் ரொம்ப ஜாஸ்தி தாத்தா!" ஸ்டூல் அவர் பக்கம் நகர்ந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'சொல்லித்தானே அனுப்பினோம்' என்றவர்கள்மேல் உள்ள கோபத்தைவிட உன்மேல் உள்ளதுதான் பெரிது. ஒரே ஒரு தரம் "புரியல" என்று நீ சொல்லியிருக்கலாம். இந்தக் கோபத்தை நான் விடுவதாக இல்லை.